உணர்விழந்த பாதமும் நடக்கலாம்: நீரிழிவு நரம்புப் பாதிப்பில் உடற்பயிற்சி சிகிச்சை என்ன செய்கிறது?

நந்திதுர்க் (கோலார் தங்கவயல்): "கால் மரத்துப் போயிருக்கிறது, இனி அதிகம் நடக்க வேண்டாம்" என்ற அறிவுரையை நீரிழிவு நோயாளிகள் பலரும் கேட்டிருப்பார்கள். வீட்டிலுள்ளோர் அன்பினால் சொல்வது இது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் இதையே சொன்னார்கள். ஆனால், கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இந்த அறிவுரையைப் பெரிதும் மாற்றியுள்ளன. உணர்விழந்த பாதத்துக்கு முறையான உடற்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. அதேவேளையில், எந்தப் பாதம் நடக்கலாம், எந்தப் பாதம் நடக்கவே கூடாது என்ற வேறுபாட்டை அறியாமல் தொடங்கும் நடை, காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடக்கூடும்.

இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம் என்று விரிந்து கிடக்கும் தங்கவயல் பகுதியில், சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த தலைமுறையும் தினமும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லும் தலைமுறையும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. இருவருக்கும் இந்தச் செய்தி வெவ்வேறு விதத்தில் பயன்படும்.

எத்தனை பேருக்கு இந்தப் பாதிப்பு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேர், அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினர், நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. சென்னையில் நடைபெற்ற 'கியூர்ஸ்' என்ற மக்கள்தொகை ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 26.1 சதவீதத்தினருக்கு, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தன.

இவர்களில் எல்லோருக்கும் எரிச்சலோ வலியோ இருப்பதில்லை. பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலேயே உணர்வு குறைகிறது. செருப்பு காலிலிருந்து கழன்றதே தெரியாமல் சிறிது தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதுதான் சிலருக்கு முதல் அறிகுறி. வலி இல்லாததை நலம் என்று எண்ணி அவர்கள் மருத்துவரிடம் செல்வதில்லை. இந்த நோயின் பெரிய ஆபத்தே அதுதான்.

நரம்புகளுக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் மிகுந்திருந்தால் நரம்பு இழைகளுக்குள் வேதி மாற்றங்கள் நிகழ்கின்றன. நரம்புகளுக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுசெல்லும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை செல்பவை. நீளமானவை முதலில் பாதிக்கப்படுவதால், மரத்துப் போதல் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணியும் பகுதியைப் போல மேலே ஏறுகிறது. அது முழங்காலை நெருங்கும் கட்டத்தில் கை விரல்களிலும் தொடங்குவது வழக்கம்.

பாதிப்பு மூன்று வகை நரம்புகளிலும் நேர்கிறது. தொடுதல், வலி, வெப்பம், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றை மூளைக்குச் சொல்லும் உணர்வு நரம்புகள் முதல் வகை. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் இரண்டாம் வகை. இவை நலிந்தால் விரல்கள் நகம் போல வளைகின்றன. பாதத்தின் முன்பகுதி எலும்புகள் மீது அழுத்தம் கூடுகிறது. வியர்வை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவற்றைத் தானாக ஒழுங்குபடுத்தும் நரம்புகள் மூன்றாம் வகை. இவை கெட்டால் பாதத்தில் வியர்வை நின்று தோல் உலர்ந்து வெடிக்கிறது.

உணர்வில்லாத, வளைந்த, வெடிப்புள்ள பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தப்படும்போது புண் உண்டாகிறது. கூடவே, கால் தரையில் எப்படிப் பதிகிறது என்பது மூளைக்குச் சரியாகத் தெரியாததால் நடை தள்ளாடுகிறது. கீழே விழும் வாய்ப்பும் கூடுகிறது.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

உணர்வற்ற பாதத்தைப் பற்றிய இன்றைய அறிவின் பெரும்பகுதி, தங்கவயலிலிருந்து கிழக்கே ஆந்திர எல்லையைக் கடந்தால் எட்டிவிடும் வேலூரில் பிறந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கை, கால்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வலியுணர்வு போய்விட்டதால் நேரும் காயங்களும், கவனிக்கப்படாமல் தொடரும் அழுத்தமுமே விரல்களை அழிக்கின்றன என்று அவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர்.

புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிறது என்பது அவர் வலியுறுத்திய முக்கியமான செய்தி. அழுத்தத்தைப் பரவலாக்கும் மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் பயன்பாட்டுக்கு வந்தன. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளிகளுக்காக உருவான இந்த முறைகள் அங்கிருந்து நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் பரவின. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவர் எழுதித் தருவது இந்த வழியில் வந்ததே.

அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்றால், நடக்காமல் இருப்பதுதானே பாதுகாப்பு என்ற கேள்வி இயல்பாக எழும். உணர்விழந்தவர்கள் நீச்சல், சைக்கிள், உட்கார்ந்து செய்யும் பயிற்சி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகள் சொல்லி வந்ததற்கும் இதுவே காரணம்.

நிலைப்பாடு மாறியது எப்படி?

அமெரிக்காவில் நடைபெற்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு இந்த அச்சத்தை நேரடியாகச் சோதித்தது. நரம்புப் பாதிப்புள்ள 79 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கால் தசை வலுப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, படிப்படியாகக் கூடும் நடைப்பயிற்சி ஆகியவை அளிக்கப்பட்டன. மற்ற பிரிவினருக்கு வழக்கமான பாதப் பராமரிப்பு கிடைத்தது. ஓராண்டு முடிவில், நடந்தவர்களுக்குப் பாதப் புண் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, பாதத்தில் புண் இல்லாதவர்கள் மிதமான நடைப்பயிற்சி செய்யலாம் என்று கூறியது. பொருத்தமான காலணி அணிவதும் பாதத்தைத் தினமும் பார்ப்பதும் அதற்கான நிபந்தனைகள்.

இதற்கு முன்பே, 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் காட்டியிருந்தது. பாதப் புண் வந்தவர்கள், வராதவர்களைவிட அதிகம் நடந்தவர்கள் அல்லர்; சராசரியாகக் குறைவாகவே நடந்திருந்தனர். ஆனால், ஒரு நாள் மிகக் குறைவாகவும் இன்னொரு நாள் திடீரென்று மிக அதிகமாகவும் நடந்திருந்தனர். சீரான நடைக்குப் பழகிய பாதத் திசுக்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றன. பழக்கமில்லாத பாதம் திடீர்ச் சுமையில் பழுதாகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். வாரம் முழுவதும் வீட்டில் அமர்ந்துவிட்டு, திருவிழா நாளில் மட்டும் பல கிலோமீட்டர் நடப்பவர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மணிப்பால் ஆய்வு சொல்வது என்ன?

உடற்பயிற்சி பாதுகாப்பானது என்பது ஒரு செய்தி. அது நரம்புக்கே நன்மை செய்யுமா என்பது அடுத்த கேள்வி. கர்நாடகத்தின் மணிப்பாலில் ஸ்நேஹில் தீட்சித், அருண் மையா உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவால் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 8 வாரங்கள் மிதமான வேகத்தில் ஏரோபிக் பயிற்சி செய்தனர். பயிற்சி செய்தவர்களின் கால் நரம்புகளில் மின் சமிக்ஞை கடக்கும் வேகமும், நரம்புப் பாதிப்பை அளவிடும் மதிப்பெண்ணும், செய்யாதவர்களோடு ஒப்பிடுகையில் மேம்பட்டிருந்தன.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 17 பேர் 10 வாரங்கள் ஏரோபிக் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் செய்தனர். அவர்களுக்கு வலி குறைந்தது. தோலின் மிகச் சிறு பகுதியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, தோலிலுள்ள நரம்பு இழைகளின் கிளைகள் கூடியிருந்தன. இது 2012இல் வெளியானது.

வருமுன் காப்பதிலும் பலன் உண்டு. நரம்புப் பாதிப்பு இல்லாத 78 நீரிழிவு நோயாளிகளை இத்தாலியில் 4 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளியானது. மேற்பார்வையின் கீழ் வாரம் 4 மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தவர்களில் 6.45 சதவீதத்தினருக்கே உணர்வு நரம்புப் பாதிப்பு வந்தது. நடக்காதவர்களில் அது 29.8 சதவீதம்.

இவை சிறிய ஆய்வுகள். ஆகவே, உடற்பயிற்சி செய்தால் மரத்துப்போன கால் முழுவதும் மீண்டுவிடும் என்று யாராவது உறுதி கூறினால் நம்ப வேண்டியதில்லை. வலி குறைதல், தள்ளாட்டம் குறைதல், நடக்கும் தூரம் கூடுதல், நோய் வளரும் வேகம் தணிதல் ஆகியவை எதிர்பார்க்கத் தக்க பலன்கள். சர்க்கரைக் கட்டுப்பாடும் மருந்தும் பயிற்சியோடு சேர்ந்தே தொடர வேண்டும். பிரிகாபலின், டுலோக்ஸெட்டின் போன்ற மருந்துகள் எரிச்சலையும் வலியையும் தணிக்கின்றன, நரம்பைச் சீராக்குவதில்லை.

பயிற்சி எப்படி வேலை செய்கிறது?

தசை சுருங்கும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு நாட்கள் வரை இன்சுலின் நன்றாகச் செயல்படுகிறது. தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து நரம்புகளுக்கு ரத்தம் கூடுதலாகச் செல்கிறது. கணுக்காலும் தொடையும் வலுப்பெறுவதால், பாதம் தரும் செய்தி குறைந்தாலும் உடல் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளப் பழகுகிறது.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

முதலில் பாதத்தின் உணர்வை அளந்துகொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து, கண்ணை மூடியிருக்கும் நோயாளிக்கு அது தெரிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்தும் சோதிப்பார். பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலியில்லாத இந்தச் சோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எல்லா மரமரப்பும் நீரிழிவால் வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் கால் மரத்துப் போகச் செய்யும். ரத்தப் பரிசோதனையில் இதை எளிதில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். மதுப்பழக்கம், தொழுநோய், முதுகுத்தண்டுக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். பாறையைத் துளைக்கும் இயந்திரங்களைப் பல ஆண்டுகள் பிடித்து வேலை செய்தவர்களுக்கு அதிர்வினால் கை விரல்கள் மரத்துப் போவதுண்டு. கால் நன்றாக இருந்து கைகள் மட்டும் மரத்திருந்தால் சுரங்க வேலையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தங்கவயலின் முன்னாள் தொழிலாளர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாறைத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் இங்குள்ள சுரங்கங்களில் 1940களிலேயே பதிவாகியிருக்கிறது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதித்த பிறகே நடைப்பயிற்சியின் அளவை முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்து எழுந்ததும் தலைசுற்றுபவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் இருப்பவர்கள் ஆகியோருக்கு மூன்றாம் வகை நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். இவர்களுக்கு மாரடைப்பும் வலியின்றி வரலாம் என்பதால் இதயப் பரிசோதனை அவசியம். விழித்திரையில் முற்றிய பாதிப்பு உள்ளவர்கள் அதிக எடை தூக்குவதையும் தலைகீழாகக் குனியும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும்.

யார் நடக்கவே கூடாது?

பாதத்தில் திறந்த புண், கொப்புளம், சீழ் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நடைப்பயிற்சி கூடாது. புண் ஆறும் வரை உட்கார்ந்தபடி கை, தோள், வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சிகளை மட்டும் செய்யலாம்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய நிலை ஒன்றுண்டு. ஒரு பாதம் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருக்கும். வலி இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. பாத எலும்புகள் நொறுங்கி உருக்குலையும் 'சார்கோ பாதம்' என்ற நோயாக அது இருக்கலாம். அந்தக் காலை ஊன்றுவதை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள்

சிகிச்சையின் வரிசை முக்கியம். தசையை வலுப்படுத்துதல், சமநிலை, நடை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவது நல்லது. கீழ்க்காணும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் ஒருமுறை நேரில் காட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் தொடரலாம். இவற்றுக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும்.

அமர்ந்து செய்பவை: நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, இரு பாதங்களையும் மேலும் கீழும் 20 முறை அசைக்க வேண்டும். பின்னர் கணுக்காலை வட்டமாகச் சுழற்றலாம். கால் விரல்களை விரித்து மடக்குவது பாதத்தின் சிறு தசைகளுக்கு வேலை தரும். முழங்காலை நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குவது தொடைக்கு வலு சேர்க்கும். காலை ரயிலில் இடம் கிடைத்து அமர்பவர்கள் இவற்றைப் பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று முறை செய்துவிடலாம்.

கெண்டைக்கால் நீட்சி: சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். 30 விநாடி நிறுத்தி, காலை மாற்ற வேண்டும். கணுக்கால் இறுகினால் பாதத்தின் முன்பகுதியில் அழுத்தம் கூடும். இந்த நீட்சி அதைக் குறைக்க உதவும்.

நின்று செய்பவை: நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி இறக்குவதை 10 முறை செய்யலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை 10 முறை செய்யலாம். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றித் தொடங்கலாம். இவ்வகைப் பயிற்சிகளை வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் செய்தால் போதும்.

சமநிலைப் பயிற்சி: சுவரை ஒட்டி நின்று, பாதங்களைச் சேர்த்து வைத்து 30 விநாடி நிற்க வேண்டும். அது எளிதானதும் ஒரு பாதத்தின் விரலைத் தொட்டபடி மற்றப் பாதத்தின் குதிகாலை வைத்து நிற்கலாம். அதன் பிறகு ஒற்றைக் காலில் நிற்கப் பழகலாம். ஒவ்வொரு கட்டத்திலும் அருகில் ஒருவர் இருக்க வேண்டும். கண்ணை மூடிச் செய்யும் பயிற்சியைத் தனியாக முயலக் கூடாது. பாதம் சொல்லாததைக் கண்தான் ஈடுகட்டுகிறது என்பதால், இருட்டில் எழுந்து நடப்பதும் இவர்களுக்கு ஆபத்தே. இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். பொதுக் கழிப்பறைக்கு வெளியே நடக்க வேண்டியிருக்கும் லைன் வீடுகளில் கைவிளக்கும் காலணியும் வாசலிலேயே இருப்பது நல்லது.

நடை: முதல் வாரத்தில் 5 முதல் 10 நிமிடம் போதும். வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை எட்டலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது மிதமான வேகத்துக்கான எளிய அளவுகோல். ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்க இயலாதவர்கள் மூன்று முறை பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். மேடு பள்ளமும் சரளைக் கல்லும் நிறைந்த சயனைடு மேட்டுப் பக்கத்து வழிகளைத் தவிர்த்து, சமமான சாலையையோ பள்ளி மைதானத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

நடைக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பாருங்கள்

உணர்வு போன பாதத்தில் வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். நடக்கும் முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல், ஆணி முனை, மடிந்த உறை ஆகியவை உள்ளே இருந்தாலும் கால் சொல்லாது. நடந்து வந்ததும் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண்பார்வை குறைந்தவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பாதத்தில் ஓரிடம் மட்டும் மற்றப் பாதத்தின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால், அடுத்த நாள் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தோல் கெட்டியாகி ஆணிக்கால் போல் ஆன இடத்தை பிளேடால் சீவக் கூடாது. அதன் அடியில் புண் மறைந்திருக்கலாம்.

ஹவாய் செருப்பு நடைப்பயிற்சிக்கு ஏற்றதல்ல. விரல் இடுக்கில் உரசிப் புண்ணாகும், கழன்றாலும் தெரியாது. பின்பக்கம் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்போ, முன்பகுதி அகலமான கேன்வாஸ் காலணியோ நல்லது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் காலணி வாங்குவது அளவு சரியாக அமைய உதவும். புதிய காலணியை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம். வெள்ளை நிறப் பருத்திக் காலுறை அணிந்தால் ரத்தக் கசிவு உடனே தெரியும்.

கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயில் போன்ற பரந்த கல்தரைகளில் வெறுங்காலோடு சுற்றுபவர்கள், தரை சூடேறும் முன் காலையிலேயே சென்று வருவது பாதுகாப்பு. நண்பகல் வெயிலில் காய்ந்த கல்லில் உள்ளங்கால் கொப்பளித்தாலும், உணர்விழந்தவருக்கு வீடு திரும்பிய பிறகே தெரியவரும். தங்கவயலின் மார்கழிக் குளிரில் காலை வெந்நீரில் வைப்பதும், அடுப்பருகே காட்டுவதும், வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உறங்குவதும் அதே அளவு ஆபத்தானவை. குளிருக்குக் கம்பளிக் காலுறை போதும். கால் கழுவும் நீரின் சூட்டை முழங்கையாலோ மற்றவர் கையாலோ சோதித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயைப் பாதத்தில் தடவலாம். விரல் இடுக்குகளில் தடவ வேண்டாம்.

சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்கப் போகக் கூடாது. பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவு ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சிறிது உணவு எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ சில சர்க்கரைக் கட்டிகளோ இருப்பது நல்லது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை வந்தால் உடனே நின்று சர்க்கரையைச் சாப்பிட வேண்டும். சர்க்கரை 250க்கு மேல் இருந்து, வாந்தி, மிகுந்த சோர்வு ஆகியவையும் சேர்ந்திருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். மருத்துவரை அணுக வேண்டும்.

தங்கவயலில் இது ஏன் முக்கியம்?

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நந்திதுர்க் முதலிய சுரங்கங்களைச் சுற்றிக் குடியேறின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் உடலுழைப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு வாழ்க்கை முறையே நின்றது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கைக்கு மாறினர். பயணத்திலும் வேலையிலுமாக நாள் கழிபவருக்கு நடைக்கென்று தனி நேரம் கிடைப்பது அரிது. நாள் முழுவதும் மூடிய காலணிக்குள் இருக்கும் பாதத்தை இரவில் ஒரு நிமிடம் பார்ப்பதும் பலரால் முடிவதில்லை.

இவர்களுக்குப் பயிற்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வதே வழி. ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் 10 நிமிடம், மதிய உணவுக்குப் பின் 10 நிமிடம், இரவு உணவுக்குப் பின் 10 நிமிடம் என்று நடந்தால் 5 நாட்களில் 150 நிமிடம் நிறைவாகும். உணவுக்குப் பின் நடப்பது, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையையும் தணிக்கும்.

சிகிச்சைக்கு எங்கே செல்வது?

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ், 30 வயதைக் கடந்தோருக்கு அரசு மருத்துவ நிலையங்களில் நீரிழிவு, ரத்த அழுத்தப் பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் முதற்கட்டப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மேல் சிகிச்சைக்குக் கோலார் அருகே தமக்காவில் தேவராஜ் அரஸ் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த ஜாலப்பா மருத்துவமனையும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

மருத்துவரிடம் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "என் பாதத்தில் உணர்வு எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது? ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா? நான் எந்தக் காலணியோடு, எவ்வளவு நேரம் நடக்கலாம்?" நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது காலுறையைக் கழற்றிப் பாதத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணர்வு ஏற்கெனவே குறைந்தவர்கள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை காட்டுவது நல்லது. ஒரு முறை புண் வந்து ஆறியவர்கள் இன்னும் அடிக்கடி காட்ட வேண்டும்.

(இக்கட்டுரையில் உள்ளவை பொதுவான மருத்துவத் தகவல்கள் மட்டுமே. பயிற்சியைத் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.)